நாலு ஊர் தாக்

கொடுவாக் குழம்பு கொதித்து முடிந்து ஓரமெல்லாம் எண்ணெய் பிரிந்துவிட்டது, இனிமேலும் அடுப்பில் விட்டால் மீன் உடைந்து முள்ளும் சதையுமாகக் கலங்கிப் போகும், இறக்கினால் பரிமாற வேண்டியதுதான், பரிமாறினாலோ போச்சு, சம்பந்தம் முடிந்ததென்று ஊருக்கே தமுக்கு அடித்த மாதிரி. கிருபாவதி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். சமைக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து ஒரு குழம்பை இறக்கவா வேண்டாமா என்று அவள் யோசித்ததே கிடையாது. தரங்கம்பாடிக் கோட்டைக்குப் போகிற வழியில் கிருபா மெஸ் எங்கே என்று கேட்டால் ஐஸ் வண்டிக்காரன்கூட வழி சொல்லுவான், கலெக்டர் வந்து சாப்பிட்டிருக்கிறார், பிஷப் வந்து சாப்பிட்டுவிட்டு அங்கியில் சிந்தினது தெரியாமல் இன்னொரு தரம் குழம்பு கேட்டிருக்கிறார், அப்பேர்ப்பட்ட கை இன்றைக்குத் தன் வீட்டு அடுப்பங்கரையிலேயே என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறது. எல்லாம் அண்ணன் பண்ணின வேலை. "ஏ கிருபா, அந்தப் பையனோட அம்மா போலந்துலேருந்து வர்றாங்க, நீ சம்மதிக்கிறியோ இல்லையோ, கடல் தாண்டி வந்த மனுஷிக்கு ஒருவேளை சோறு போடாமயா அனுப்புவ?" என்று சுந்தர்சிங் கேட்டபோது அவளுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "யாரைப் பாத்து என்னா கேக்குற? என் வாசலுக்கு வந்தவன் எவன் பசியோட திரும்பிப் போயிருக்கான்?" என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். வாய்தான் அவளுக்குச் சத்துரு. சொன்ன பிறகுதான் உறைத்தது. பெண் கேட்டு வருகிறவர்கள் பேச்சு முடியாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், காப்பி பலகாரத்தோடு சரி, சோற்றில் கை வைத்தால் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டாயிற்று என்று அர்த்தம். வேதத்தில் எழுதியில்லைதான், ஆனாலும் இந்த ஊரில் வேதக்காரர்களும் மற்றவர்களும் ஒருத்தரும் அதை மீறினதில்லை. அவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை. "நீ சரின்னு சொல்லாம நான் பண்ணிக்க மாட்டேம்மா, சத்தியமா மாட்டேன்" என்று மகள் இவாஞ்சலின் போனில் சொன்னதும் சொன்னாள், பாரம் முழுக்கத் தாய் தலையில். பண்ணிக்கிறேன் போ என்று சொல்லியிருந்தால்கூட நாலு நாள் அழுதுவிட்டு எழுந்திருக்கலாம். கிருபாவதி அடுப்பைச் சிம்மில் வைத்தாள். மீன் உடையட்டும், இல்லை, உடையக் கூடாது, கிருபாவதி வைத்த குழம்பில் மீன் உடைந்ததென்று ஒரு போலந்துக்காரி ஊரில் போய்ச் சொல்லக் கூடாது.

கூடத்திலிருந்து சத்தம் வந்தது. "தாக், தாக்." அந்த அம்மாள்தான். ஹாலினா என்று பெயர், பையன் மாரெக்கின் தாய். சுந்தர்சிங் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் வெயில் அதிகமோ, கோட்டை பார்த்தாச்சோ என்று கேட்க, மாரெக் அதைத் தன் பாஷையில் மாற்றிச் சொல்ல, அந்த அம்மாள் தாக் என்கிறாள். போலந்தில் அதற்கு ஆமாம் என்று அர்த்தமாம், மகள் இவா சொல்லியிருக்கிறாள். ஆனால் கிருபாவதியின் காது டென்மார்க்காரர்களிடம் பழகின காது, அந்தச் சொல் விழுந்ததும் முதலில் நன்றி என்றுதான் கேட்கும், அப்புறம்தான் மண்டை போய், இல்லடி, இது ஆமாம், என்று திருத்தும். கோட்டை பார்க்க வருகிற டென்மார்க்காரர்கள் எல்லாரும் மெஸ்ஸுக்கு வருவார்கள், தண்ணீர் வைத்தால் தாக், உப்பு வைத்தால் தாக், ஈயை விரட்டினால்கூட தாக். ஆரம்பத்தில் எதைத் தாக்கச் சொல்கிறான் இவன் என்று மிரண்டு போனவள்தான், பிறகு அவளே இலை போடுவதற்கு முன்னால் தாக் சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்தாள். அப்புறம் ஒரு நார்வேக்காரன் வந்தான், பனைமரத்தில் பாதி உயரம், கீற்றுக் கொட்டகைக்குள் நுழையும்போது மூங்கிலில் மடேர் என்று தலையை இடித்துக்கொண்டான், மண்டையைத் தேய்த்துக்கொண்டு மேலே கையைக் காட்டி "தாக்" என்றான், இவள் பாட்டுக்கு "வெல்கம், வெல்கம்" என்று சொல்லிக்கொண்டு போய்விட்டாள், அப்புறம்தான் தெரிந்தது அவன் ஊரில் அது கூரையாம். நன்றிக்கும் கிட்டத்தட்ட அதே சொல்தானாம், கொஞ்சம் வெடுக்கென்று குறுக்கிச் சொல்லுவார்களாம். புயல் அடித்த மறுநாள் ஒரு ஹாலந்துக்காரப் பெண் வாசல் பூவரசை உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள், ஒடிந்து தொங்கின கிளையைத் தொட்டுக் காட்டி அவளும் தாக் என்றாள். கிளை. என்ன அதிசயம் பாருங்கள், ஒரே ஒரு சொல், ஒரு ஊரில் நன்றி, ஒரு ஊரில் கூரை, ஒரு ஊரில் கிளை, இப்போது இந்தப் போலந்தில் ஆமாம். சர்ச் பெண்கள் ஐக்கியத்தில் இதைச் சொல்லி எத்தனை பேர் வாயைப் பிளக்க வைத்திருக்கிறாள்! பாஸ்டர் அம்மாவே இன்னொரு தரம் சொல்லுங்கம்மா என்று கேட்டுக்கொண்டார்கள். சோறு போட்டே உலகத்தைப் படித்தவள் கிருபாவதி, அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு, இருக்கட்டுமே, யாரிடம் கடன் வாங்கின கர்வம்? "எல்லா ஊருலயும் ஒண்ணொண்ணு சொல்றானுவளே, நம்மூர்ல இதுக்கு என்னாங்க அர்த்தம்?" என்று ஒரு நாள் புருஷன் தேவநேசனிடம் கேட்டாள். கல்லாவில் உட்கார்ந்திருந்த மனுஷன் நிமிராமல் சொன்னார்: "நம்மூர்ல அதுக்கு, பில்லைக் கட்டியாச்சு, கெளம்பிட்டாங்கன்னு அர்த்தம்." அன்றைக்கு எவ்வளவு சிரித்தாள்.

சிரித்திருக்கக் கூடாது. அந்த மனுஷன் கட்டின புருஷனாக வாழ்ந்த காலத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவளுக்கு நன்றி சொன்னதுண்டா? குழம்பு நன்றாயிருந்தால் இன்னொரு கரண்டி கேட்பார், உப்பு கூடினால் தட்டைத் தள்ளுவார், மீன் தலை தனக்கு வேண்டும் என்று பெற்ற பெண்ணோடு மல்லுக்கு நிற்பார். இவாவும் விடமாட்டாள், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "நேத்து நீ தின்ன, இன்னிக்கு எனக்கு" என்று சட்டியையே இழுப்பாள், கடைசியில் கிருபாவதி தலையை இரண்டாகப் பிளந்து போட்டுச் சண்டை தீர்ப்பாள். வீடு என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும். நன்றியெல்லாம் ஆண்டவருக்கு, ஞாயிற்றுக்கிழமை வாய் நிறைய ஸ்தோத்திரம் சொல்லட்டும், சோறு போட்டவளுக்கு எதற்கு நன்றி, உன் சோறு, நீ தின்னு. அப்படி இருந்தவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் ஊட்டின கஞ்சியை நாலு வாய் வாங்கிக்கொண்டு, துண்டால் வாயைத் துடைக்க விட்டு, "நன்றி கிருபா" என்றார். "யாருக்கு யாரு நன்றி சொல்றது? பேசாம படுங்க" என்று அதட்டினாள். மறுநாள் காலையில் ஆள் இல்லை. பில்லைக் கட்டியாச்சு, கிளம்பியாச்சு. அதிலிருந்து அந்தச் சொல்லை வீட்டுக்குள் யாரும் சொல்லவில்லை, சொல்ல யார் இருந்தார்கள், அவளும் இவாவும்தான். அந்த இவா படித்தாள், காற்றாலை இன்ஜினியரிங், காற்றையே வண்டி மாடு மாதிரி கட்டி வேலை வாங்குகிற படிப்பு, டென்மார்க் கம்பெனிக்காரன் கூப்பிட்டுக்கொண்டு போனான். கோட்டையைக் கட்டினவன் ஊருக்கே என் பெண் போய் அவனுக்கு வேலை சொல்லித்தருகிறாள் என்று கிருபாவதி சந்தையில் மீன்காரி முதல் சர்ச்சில் மணியடிக்கிற கோயில்குட்டி வரை ஒருத்தர் விடாமல் சொன்னாள். சொல்லமாட்டாளா பின்னே? தனி மனுஷியாக இலை போட்டு வளர்த்த பெண். முதல் லீவுக்கு வந்தாள். கொடுவாக் குழம்புதான் வைத்திருந்தாள், தலையை முழுசாக எடுத்து இலையில் வைத்தால், "வேணாம்மா, தேங்க்ஸ்" என்றாள் பாவி. சாப்பிட்டு எழுந்து, "சாப்பாட்டுக்கு தாக்மா, அங்க எல்லாரும் இப்படித்தான் சொல்லணும்" என்று சிரித்துக்கொண்டே கையைக் கழுவினாள். கிருபாவதிக்கு அன்றைக்குத்தான் பயம் பிடித்தது. பெண் தூரத்தில் இருக்கிறாள் என்பது ஒரு பயமா, எத்தனையோ பேர் வீட்டுப் பிள்ளை தூரத்தில் இருக்கிறது. தன் இலையில் உட்கார்ந்து விருந்தாளி மாதிரி நன்றி சொல்லிவிட்டு எழுந்து போகிறாளே, அதுதான் பயம். இதில் ஒரு போலந்துக்காரனையும் கட்டிவைத்தால், வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு பேருமாக வந்து, தாக் சொல்லிவிட்டு, பெட்டியை உருட்டிக்கொண்டு போவார்கள். அதற்கு நான் சரி சொல்ல வேண்டுமாம். மாட்டேன். பையன் நல்ல பையன்தான். இவா வேலை பார்க்கிற அதே காற்றாலைகளில் உச்சிவரை ஏறி இறங்குகிறவன், கண்ணில் கள்ளம் இல்லை, வந்ததும் செருப்பை வாசலில் கழற்றி ஒழுங்காகச் சேர்த்து வைத்தான். நல்ல பையன் என்பதற்காகப் பெண்ணை விருந்தாளி ஆக்கிக்கொள்ள முடியுமா.

அவன் சரி, அவன் அம்மாக்காரி இருக்கிறாளே! வந்து உட்கார்ந்து எவ்வளவு நேரமாகிறது. எவர்சில்வர் டம்ளரில் பானைத் தண்ணீர் கொடுத்தனுப்பினாள், வைத்தது வைத்தபடி திரும்பி வந்தது. இளநீர் வெட்டிச் சுந்தர்சிங்கே கொண்டுபோய் நீட்டினான், தலையை ஆட்டிவிட்டாள். காப்பி ஆடை கட்டி அப்படியே கிடக்கிறது. அச்சுமுறுக்கில் ஒரு விள்ளல், ஒரே ஒரு விள்ளல், ம்ஹூம். ஆனால் வாய்க்கு வாய் தாக் மட்டும் குறைச்சல் இல்லை. வீடு நன்றாயிருக்கிறதா, தாக். பிரயாணம் சௌக்கியமா, தாக். தாகம் எடுக்கிறதா என்று யாராவது கேட்டால் அதற்கும் தாக் சொல்லுவாளா இல்லையா என்று கிருபாவதிக்குக் கேட்கத் தோன்றியது. ஏன், எங்கள் வீட்டுத் தண்ணீர் ஆகாதோ மகாராணிக்கு? கலெக்டர் குடித்த தண்ணீர். வெள்ளைக்காரர்கள் பாட்டில் தண்ணீர்தான் குடிப்பார்கள், அது அவளுக்கும் தெரியும், பாட்டிலும்தான் வைத்தாள், மூடிகூடத் திறக்கவில்லை. அப்படியென்றால் தண்ணீரில் இல்லை கோளாறு, மனசில் இருக்கிறது. தன் பிள்ளைக்கு இந்த மெஸ்காரி வீட்டுப் பெண்ணா என்று நினைக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும், நானும் அதைத்தான் நினைக்கிறேன், உன் பிள்ளைக்கு என் பெண்ணா? நல்லதாகப் போயிற்று, நீ கை நனைக்காமல் எழுந்து போ, நானும் சொல்லாமல் இருந்துவிடுகிறேன், கணக்கு நேர். அப்படி நினைத்ததும் நெஞ்சு ஏன் இப்படிக் கனக்கிறது? மறுக்க வேண்டியவள் தான் அல்லவா, எவளோ ஒருத்தி தன் அடுப்பை மறுத்தால் ஏன் ரத்தம் கொதிக்கிறது? குழம்பை மூடி வைத்தாள், திறந்தாள், மறுபடி மூடினாள். பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது, இவா, புடவையை ஒழுங்காகக் கட்டத் தெரியாமல் கொசுவம் தரையைப் பெருக்க வந்து நின்றாள்.

"அம்மா, குழம்பு வாசனை அங்க வரைக்கும் வருது."

"வந்து என்னா? தின்னவா போறாங்க? ஒரு வாய் தண்ணி குடிக்கலை உன் மாமியாக்காரி. நம்ம வீட்டுது அவங்களுக்குத் தொண்டையில எறங்காதோ?"

"ஐயோ அம்மா, அதுக்கில்ல." இவா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான்தான் மாரெக்கிட்ட சொன்னேன். எங்க வீட்டுல அம்மா சரின்னு சொல்ற வரைக்கும் நீங்க கை நனைக்கக் கூடாது, அது முறைன்னு. அவன் போய் அவங்ககிட்ட சொல்லியிருக்கான். அவங்க அதை அப்படியே புடிச்சிக்கிட்டாங்க. சோறு மட்டுந்தாங்க, காப்பி குடிக்கலாம், முறுக்கு திங்கலாம்னு நானும் எவ்வளவோ சொல்லிட்டேன். 'முறைன்னா முறைதான், அதுல பாதி என்ன முழுசு என்ன'ங்கறாங்க. இதுவும் பொண்ணு ஊருதானேன்னு காலையில கெஸ்ட் ஹவுஸ்லயும் ஒண்ணும் தொடலை. நேத்து பிளேன்ல சாப்பிட்டதுதாம்மா."

"தண்ணி?"

"தண்ணியும்தான். கை நனைக்கக் கூடாதுன்னா தண்ணியும் சேத்திதானேன்னு கேக்குறாங்க. நான் என்னா பண்ணட்டும்?"

கிருபாவதி கரண்டியைத் தட்டின்மேல் வைத்தாள். அடி பாவி மகளே, இந்த வெயிலில் ஒரு மனுஷியைத் தண்ணீர்கூடக் குடிக்க விடாமல் உட்கார வைத்திருக்கிறாயா என்று பெண்ணை அறைய வேண்டும் போலவும் இருந்தது, சிரிப்பு வேறு வந்தது. கதவோரமாய் நின்று கூடத்தை எட்டிப் பார்த்தாள். அந்த அம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், முகம் செக்கச் செவேலென்று வெந்து, உதடு காய்ந்து, கை இரண்டையும் மடியில் கோத்துக்கொண்டு, எதிரில் இருந்த தண்ணீரைப் பார்க்காமல் சுவரில் தேவநேசன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் ஏதோ கெஞ்சுகிற குரலில் சொன்னான், கண்ணாலேயே அவனை அடக்கினாள். ஆண்டவரே, இவள் யார், இப்படி உட்கார்ந்திருப்பதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்துக்கொண்டு நின்றவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. தான்தான். தேவநேசன் வீட்டுக்கு முதல் முதலாக வந்தபோது மாமியார் வேலை சொல்லாமல், சாப்பிடு என்றும் சொல்லாமல் விட்டுவிட, கேட்காமல் தின்னமாட்டேன் என்று அந்தி சாயும்வரை இதே மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, காது அடைத்துக் கண் இருட்டியும் அசையாமல். ரோசம் பிடித்த பொம்பளை. இவளும் நம்ம ரகம். இத்தனை நேரம் திரும்பி வந்த ஒவ்வொரு டம்ளரும் அவமானம் என்று எண்ணி எண்ணி நெஞ்சைப் புண்ணாக்கிக்கொண்டாளே, அத்தனையும் மரியாதை. அதுவும் எப்பேர்ப்பட்ட மரியாதை, சொந்த ஜனமே பாதிதான் கொடுக்கும், முறுக்கைக் கடித்துக்கொண்டே பேரம் பேசும், இவள் முறையைக் கேட்டதும் முழுசாகத் தலைமேல் வைத்துக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டுத் தாக் சொல்லி எழுந்து போகிறவள் இப்படி உட்காரமாட்டாள். பில்லைக் கட்டிவிட்டுக் கிளம்புகிற ஜாதி இல்லை இது.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். சுந்தர்சிங் பேச்சை நிறுத்தினான். அந்த அம்மாளுக்கு நேர் எதிரே நின்று, "இவா, நான் சொல்றதை மாத்திச் சொல்லச் சொல்லு. இப்படியே எவ்வளவு நேரம் உக்காந்திருப்பீங்கன்னு கேளு" என்றாள். இவா மாரெக்கிடம் இங்கிலீஷில் சொல்ல, அவன் தாயிடம் சொன்னான். அந்த அம்மாள் கிருபாவதியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஏதோ சொன்னாள். "நீ சொல்ற வரைக்கும்னு சொல்றாங்கம்மா" என்றாள் இவா. சுந்தர்சிங் தொண்டையைச் செருமினான். கிருபாவதி, "இன்னொண்ணும் சொல்லு. என் பொண்ணு உங்க வீட்டுல யாருக்கும் நன்றி சொல்லமாட்டா. வேணுங்கிறதைக் கேட்டு வாங்கித் தின்னுவா. உங்க பிள்ளையும் என் வீட்டுல நன்றின்னு வாயைத் தொறக்கக் கூடாது. இதுக்குச் சம்மதமான்னு கேளு" என்றாள். மாரெக்குக்கு அதை மாற்றிச் சொல்லக் கொஞ்சம் நேரம் பிடித்தது, நடுவில் அவனுக்கே சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஹாலினா முழுக்கக் கேட்டாள். எழுந்து நின்றாள். தன் மார்பில் கையை வைத்துக்கொண்டு, "தாக்" என்றாள். மண்டை திருத்த வேண்டியிருக்கவில்லை, இந்தத் தரம் காதுக்கே அது ஆமாம் என்றுதான் விழுந்தது.

"என்னா கிருபா, அப்ப..." என்று சுந்தர்சிங் இழுத்தான். "அப்பவும் இல்ல இப்பவும் இல்ல, நீ போயி எலையை எடுத்துட்டு வா, மீன் உடையப்போவுது" என்று அவனை விரட்டினாள். செம்பு நிறையத் தண்ணீர் மொண்டுகொண்டு வந்து, வாசல்படியில் அந்த அம்மாளைக் குனியச் சொல்லி, அவள் கையில் தானே ஊற்றினாள். அந்தக் கை சிவந்து காய்ப்புக் காய்த்த கை, வேலை செய்த கை, அதைப் பார்த்ததும் கிருபாவதிக்கு இன்னும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, சம்பந்தியென்றால் இப்படி இருக்க வேண்டும். முதலில் தண்ணீர் குடிக்க வைத்தாள், மடக் மடக்கென்று குடித்தாள் மனுஷி. பிறகு இலை போட்டு உட்கார வைத்துச் சோறு, சுறாப்புட்டு, அவரைக்காய்ப் பொரியல், குழம்பு. மீன் ஒன்றுகூட உடையவில்லை, துண்டு துண்டாக முழுசாக நின்றது, அதைக் கவனிக்கிறார்களா என்று ஒரு தரம் சுற்றிப் பார்த்துக்கொண்டாள். ஹாலினா ஸ்பூனைத் தள்ளிவிட்டுக் கையாலேயே பிசைந்தாள், காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது, நிறுத்தவில்லை. சாப்பாட்டின் நடுவில் மாரெக் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தான், அவன் தாய் ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டான். கிருபாவதி சட்டியை இடுப்பில் ஏந்திக்கொண்டு இவாவின் இலைக்கு வந்தாள், ஒரு நடுத்துண்டைக் கரண்டியில் எடுத்தாள். இவா இலையில் கையைக் குறுக்கே வைத்துத் தடுத்தாள்.

"தலை எங்கம்மா? யாருக்கு ஒளிச்சு வச்சிருக்க? எடு இங்க."

கிருபாவதி நடுத்துண்டைச் சட்டியிலேயே போட்டாள். அடியில் துழாவித் தலையை முழுசாக எடுத்து மகளுடைய இலையில் வைத்தாள். இவா அதை இரண்டு கையாலும் பிளந்து, ஒன்றும் சொல்லாமல் தின்ன ஆரம்பித்தாள்.